அடைக்கலப் பொருள்

‘கவுன்சலிங்’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டிலே கேட்டறியாதவர் இலர். ஆயினும் அதைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பொறியியற் கல்லூரிகளிலே இடம் ஒதுக்கும் கலந்தாய்வேயாகும். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை இருக்கும் வீட்டிலே கோடை முழுவதும் அந்தச் சொல்தான் அடிபடும். அந்தக் கலந்தாய்விலே எல்லாம் வெளிப்படை. மாணவர் பெற்ற மதிப்பெண் என்ன, தரவரிசையிலே அவருடைய இடம் எது என்பவற்றை மறைப்பதற்கில்லை, மறைக்கவும் கூடாது. பலருக்கும் பொதுவான ஒன்றைப் பங்கிடும்போது மறைவு புகுந்தால் ஊழலும் உடன் புகும் அன்றோ?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதே பெயர் பூண்ட வேறொரு காரியம். மனத்துயர் உற்ற ஒருவர், தனி அறையிலே, அதற்கென்று பயிற்சி பெற்றவரின் முன் அமர்ந்து தம் உள்ளத்தைத் திறந்து பேசுகிறாரே, அந்த மனநல ஆலோசனையைப் பற்றிச் சொல்லுகிறேன். முன்னதற்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டுமோ, பின்னதற்கு மறைவு அவ்வளவு வேண்டும். ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கப் பழகியதனாலேயே இரண்டின் இயல்பையும் நம்மவர் குழப்பிக்கொள்ளுகின்றனரோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஆலோசகரிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது வெறும் நாகரிகம் பற்றிய விதி அன்று. காய்ச்சல் கண்டவன் வாய் திறவாவிட்டாலும் வெப்பமானி உண்மையைச் சொல்லிவிடும். எலும்பு முறிந்தவன் மறைத்தாலும் எக்ஸ்ரே படம் காட்டிக் கொடுத்துவிடும். மனத்தின் நோவுக்கு அப்படிப்பட்ட கருவி இல்லை. நோவுற்றவர் தாமே சொன்னாலொழிய மற்றவர் அறிய வழியில்லை. சொல்லுவதற்கு அவருக்குத் துணிவு வரவேண்டுமானால், சொன்னது அந்த அறையோடு நிற்கும் என்ற உறுதி முன்னதாகவே இருத்தல் வேண்டும். ஆகவே இரகசியம் காத்தல் என்பது இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் வரும் மரியாதை அன்று. சிகிச்சை தொடங்குவதற்கே வேண்டிய முதற் பொருள் அது.

சிற்றூர்களிலே இந்த உறுதியைத் தருவது எளிதன்று. நான் வாழும் ரெட்டிபாளையம் அரியலூர் மாவட்டத்து ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும் சிமெண்டு ஆலையும் வெளியூர் மக்கள் பலரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தபோதிலும், ஊரின் பழைய குணம் மாறவில்லை. காலையிலே ஒருவர் பேருந்து ஏறினால், எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்பது அவர் திரும்பி வருமுன் தேநீர்க் கடையிலே பேசப்பட்டுவிடும். இதிலே நன்மை இல்லாமலும் இல்லை. ஒரு வீட்டிலே அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டார் அறிந்து உதவுவதும் இந்தக் குணத்தினாலேதான். ஆனால், ஒரு பெண் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டு முறை சென்று வந்தாள் என்ற செய்தியும் அதே வழியாகத்தான் பரவுகிறது. அவளுக்கு வரன் பேசும்போது அந்தச் செய்தி அவளுக்கு முன்னே போய் நிற்கிறது. பேருந்துச் செலவு மிச்சமாகும் என்பதற்காக மட்டுமே மக்கள் போகாமல் இருந்துவிடுகிறார்கள் என்று எண்ணுவது தவறு.

சிலப்பதிகாரம் பயின்றவர்கள் அடைக்கலக் காதையை அறிவீர்கள். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி அது. அடைக்கலமாக ஏற்ற பொருள் ஏற்றவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. தம் வீட்டில் இருந்தாலும், தம் கையில் இருந்தாலும், அது மற்றவருடையதே. ஆலோசகரிடம் ஒருவர் சொல்லும் செய்தியும் இத்தகையதுதான் என்பது என் கருத்து. கேட்டுவிட்டோம், ஆகையால் இனி அது நம்முடையது, நமக்குத் தோன்றியபடி கையாளலாம் என்று எண்ணுவதிலேதான் கேடெல்லாம் தொடங்குகிறது.

அந்தக் கேடு எப்பொழுதும் தீய எண்ணத்திலிருந்து பிறப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் உதவியாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றிலே நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், தன் தாய் வீட்டை விட்டுப் போய்விட்டதைத் தான் நம்பிய ஆசிரியர் ஒருவரிடம் சொன்னான். அவர் நல்லவர். மனம் பொறாமல் ஆசிரியர் அறையிலே அதைச் சொல்லி வருந்தினார். கேட்டவர்களும் வருந்தினார்கள். பிற்பகலில் மற்றோர் ஆசிரியர் வகுப்புக்குச் சென்று, கணக்குப் போடாமல் வந்த அந்தப் பையனை மட்டும் தண்டிக்காமல் விட்டு, “பாவம், தாயில்லாமல் தவிக்கிற பிள்ளை” என்று நாற்பது பேர் கேட்க மொழிந்தார். அத்தனையும் இரக்கந்தான். மறுநாள் முதல் அந்தச் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று அழைத்தபோதும் அவன் எங்களுள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பகைவன் வெளியிட்டிருந்தால் அவனுக்குச் சினம் வந்திருக்கும். இரங்கியவர்கள் வெளியிட்டமையால் சினங்கொள்ளவும் வழியில்லாமற் போயிற்று.

இனி, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரையிலே சென்ற ஒரு வழக்கைக் கேளுங்கள். அதன் தொடக்கம் நம் சென்னையிலே. 1995-ஆம் ஆண்டில் நாகாலாந்து அரசின் மருத்துவப் பணியிலே இருந்த டாக்டர் ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னையிலுள்ள மருத்துவமனைக்கு வந்தார். அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் போதவில்லை. தம் இரத்தத்தைக் கொடுக்குமாறு அவரைக் கேட்டார்கள், அவரும் கொடுத்தார். சோதித்தபோது அந்த இரத்தத்திலே எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அந்த ஆண்டின் இறுதியிலே அவருக்குத் திருமணம் நடப்பதாக இருந்தது. மருத்துவமனை கண்ட செய்தி மணப்பெண்ணின் உறவினரை எட்டியது, திருமணம் நின்றது. அங்கேயும் அது நிற்கவில்லை. அவருடைய குடும்பத்தார், இனத்தார், ஊரார் எல்லாரும் அறிந்தனர். பலர் அவரை ஒதுக்கினர். கோஹிமாவை விட்டு வெளியேறி, அவர் சென்னையிலேயே வந்து வாழ நேர்ந்தது. தம் இரகசியத்தைக் காவாமையால் தமக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு வேண்டுமென்று அவர் வழக்குத் தொடுத்தார்.

1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. ஆனால் அது எல்லையற்றது அன்று. அந்தப் பெண்ணுக்கும் நலமாக வாழும் உரிமை உண்டு. அவளைக் காக்கும் பொருட்டுச் சொன்னது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு கடுமையாகச் சில கூறியிருந்தது. 2002-ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றமே அவற்றைத் தேவையற்றவை என்று விலக்கிவிட்டது. மணப்பெண்ணின் உறவினரிடம் தெரிவித்தது தவறாகாது என்ற பகுதி மட்டும் நின்றது.

இந்த வழக்கைப் பற்றி மாணவர்களிடையே வாதம் நடத்தினால் இரண்டு கட்சிகள் உண்டாகும்: சொன்னது சரி என்பார் ஒரு சாரார், தவறு என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகின்றனர் என்பேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது, மறுப்பதற்கில்லை. அவள் தெரிந்துகொள்வதற்காக ஊர் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா? ஒருவருக்குச் சொல்ல வேண்டிய கடமை, ஒன்பது பேர் கேட்கச் சொல்லும் உரிமை ஆகிவிடுமா? அந்த டாக்டரிடமே முதலில் சொல்லி, “உங்களை மணக்க இருப்பவரிடம் நீங்களே சொல்லுங்கள், சொல்லும்போது வேண்டுமானால் நானும் உடனிருக்கிறேன்” என்று கூறக்கூடிய ஆலோசகர் ஒருவர் இடையிலே இருந்திருந்தால், கதை வேறு விதமாகச் சென்றிருக்கலாம்.

இந்த வழியைத்தான் பின்னர் சட்டமே வகுத்தது. எச்.ஐ.வி. பற்றி 2017-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒருவருக்கு அந்தக் கிருமி இருப்பதை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது என்பது அதன் பொது விதி. வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து என்று கருதினால் மருத்துவரோ ஆலோசகரோ தெரிவிக்கலாம். ஆனால் முதலில் அவரையே சொல்லும்படி ஆலோசனை கூற வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று கண்ட பிறகு, “நான் சொல்லப் போகிறேன்” என்பதையும் அவருக்கு அறிவிக்க வேண்டும். அதன் பின்னரே துணைவரை நேரிலே கண்டு, தக்க ஆலோசனையோடு சொல்ல வேண்டும். சொல்லாமை மட்டும் அன்று, சொல்லுதலும் ஒரு முறைக்கு உட்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க முடியாது. நம் அரசு மருத்துவமனைகளிலே ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கூறும் இடம் அது. யாரோ நல்ல தமிழறிந்தவர் வைத்த பெயர்.

சொல்லியே தீர வேண்டிய தருணங்கள் வேறு சிலவும் உண்டு. அமெரிக்காவிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர் ஒருவர், 1969-ஆம் ஆண்டிலே, தம்மை விரும்பாத மாணவி ஒருத்தியைக் கொல்லப் போவதாகப் பல்கலைக்கழகத்து உளவியலாளரிடம் கூறினார். அவர் பல்கலைக்கழகக் காவலருக்கு எழுதினார். காவலர் மாணவரைப் பிடித்து விசாரித்துத் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டனர். அந்தப் பெண்ணிடமோ அவளுடைய பெற்றோரிடமோ எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அவள் கொலையுண்டாள். டாரசாஃப் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கிலே, 1976-இல் கலிபோர்னியாவின் உயர்ந்த நீதிமன்றம், பிறர் உயிருக்கு அபாயம் தோன்றும் இடத்திலே இரகசியத்தின் எல்லை முடிகிறது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் (2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது) இரகசியத்தை நோயாளியின் உரிமையாக நிலைநாட்டிவிட்டு, பிறருக்குத் தீங்கு நேராமல் காத்தல், உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை முதலிய சிலவற்றை விலக்காக வைத்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டிய விலக்கு மற்றொன்று. குழந்தைகளைப் பாலியற் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தை, ‘போக்சோ’ என்ற அதன் சுருக்கப் பெயரால் அறிவீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அத்தகைய தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவியாமை குற்றம், நிறுவனத் தலைவர் தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தைத் தெரிவியாமற் போனால் ஓராண்டு வரையிலே சிறைத் தண்டனை உண்டு. தலைமையாசிரியர் நாற்காலியிலே அமர்ந்திருந்தவன் என்ற முறையிலே இந்த விதியின் கனத்தை நான் நன்கு அறிவேன். அதே சட்டந்தான், அந்தப் பிள்ளையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி ஆகிய எதுவும் செய்தித்தாளிலோ பிற ஊடகங்களிலோ வெளிவரலாகாது என்றும் கட்டளையிடுகிறது. காவல் நிலையத்துக்குச் சொல். ஊருக்குச் சொல்லாதே என்பது அதன் பொருள்.

ஆகவே, “நீ சொல், நான் ஒருவரிடமும் மூச்சு விட மாட்டேன்” என்று முன்பின் யோசியாமல் சத்தியம் செய்கிற ஆசிரியரையும் ஆலோசகரையும் நான் மதிப்பதில்லை. தம்மால் காப்பாற்ற முடியாத வாக்கை அவர் தருகிறார். உண்மையான ஆலோசகர், பிள்ளை பேசத் தொடங்குமுன்பே, “நீ சொல்லுவது என்னோடு இருக்கும், ஆனால் உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினாலும், யாரேனும் உனக்குத் தீங்கு இழைத்தார்கள் என்று தெரிந்தாலும், அதை நான் இன்னாரிடம் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுமுன் உன்னிடம் தெரிவிப்பேன்” என்று கூறிவிடுவார். இப்படிக் கூறினால் பிள்ளைகள் அஞ்சி வாயை மூடிக்கொள்வார்கள் என்று சிலர் வாதிப்பர். பின்னால் வஞ்சிக்கப்பட்டோம் என்று உணரும் பிள்ளைதான் என்றென்றைக்குமாக வாயை மூடிக்கொள்கிறது. என் அனுபவம் அது.

எழுதி வைப்பதைப் பற்றியும் பேச வேண்டும். ஆசிரியர் பயிற்சியிலே ‘திரள் பதிவேடு’ என்று ஒன்றைப் பற்றி எங்களுக்குக் கற்பித்தார்கள். மாணவனுடைய உடல்நலம், குடும்ப நிலை, விருப்பங்கள், குறைகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வைக்கும் ஏடு அது. எப்படி எழுதுவது என்பதை விரிவாகக் கற்பித்தார்கள். அதை எந்த அலமாரியிலே வைப்பது, சாவி யாரிடம் இருப்பது, மாணவன் பள்ளியை விட்டுச் சென்ற பின் என்ன செய்வது என்பவற்றைக் கற்பித்ததாக நினைவில்லை. குடும்ப நிலை என்ற கட்டத்திலே எழுதப்படும் ஒரு வரி, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு யார் கையிலே இருக்கும் என்று எவர் அறிவார்?

பின்லாந்து நாட்டிலே அண்மையில் நேர்ந்ததைக் கேட்டால் இந்தக் கேள்வியின் கூர்மை விளங்கும். அங்கே வஸ்தாமோ என்ற பெயருடைய மனநல ஆலோசனை நிறுவனம் நாடெங்கும் கிளைகள் வைத்து நடத்தியது. வந்தவர்கள் சொன்னவற்றையெல்லாம் ஆலோசகர்கள் கணிப்பொறியிலே குறித்து வைத்தார்கள். கணிப்பொறிக்குப் போதிய காவல் இல்லை. எவனோ ஒருவன் புகுந்து அனைத்தையும் கவர்ந்தான். 2020-ஆம் ஆண்டிலே, முதலில் நிறுவனத்தை மிரட்டிப் பணம் கேட்டான். அது பலியாமற் போகவே, நோயாளிகளுக்குத் தனித்தனியே மடல் விடுத்து, ஆளுக்கு 200 யூரோ தராவிட்டால் நீ உன் ஆலோசகரிடம் சொன்னவற்றை உலகுக்கு வெளியிடுவேன் என்று அச்சுறுத்தினான். பாதிக்கப்பட்டவர்கள் 30,000 பேருக்கும் அதிகம். அந்நாட்டின் மொத்த மக்களோ ஏறத்தாழ 55 லட்சம் பேரே. திருமண முறிவு, குழந்தைப் பருவத்துத் துன்பம், சாக நினைத்த இரவு என எத்தனை எத்தனையோ அந்தக் குறிப்புகளிலே இருந்தன. அடுத்த ஆண்டே நிறுவனம் நொடித்துப் போயிற்று. குற்றவாளிக்கு 2024-ஆம் ஆண்டிலே ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. வெளியே போன செய்திகளை மட்டும் எந்த நீதிமன்றத்தாலும் திரும்பக் கொண்டுவர இயலவில்லை.

அது குளிர் நாட்டுக் கதை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 2024 டிசம்பரில் சென்னையிலே ஒரு கல்லூரி மாணவி துணிந்து கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவள் யார் என்பதை அடையாளம் காட்டும் விவரங்களோடு வெளியே கசிந்து பரவியது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கசிந்த காகிதத்தைத் தம் கைப்பேசியிலிருந்து மற்றவருக்கு அனுப்பியவர்களிலே படித்தவர்களே மிகுதியாக இருந்திருப்பர் என்பதிலே எனக்கு ஐயமில்லை.

2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. தனிமனிதர் விவரங்களைக் கணிப்பொறியிலே கையாளுவதைப் பற்றிய தனிச் சட்டம் 2023-இலே இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டத்திலே எனக்கு மிகவும் பிடித்தது அதன் கலைச்சொல். பிறருடைய விவரங்களைப் பெற்றுக் கையாளும் நிறுவனத்தை அது உரிமையாளர் என்று சொல்லவில்லை, ‘ஃபிடூஷியரி’ என்கிறது. நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர் என்பது அதன் பொருள். மாதரிக்குப் பொருந்தும் சொல்.

நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. விடுதியிலே உடன் வாழும் நண்பன் ஒருவன் தன் துயரத்தை உங்களிடம் சொன்னால், அதை மற்ற நண்பர்களிடம் சொல்லாதீர்கள். அவர்களும் நல்லவர்கள்தாம் என்பது காரணமாகாது. ஆனால், உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்று அவன் சொன்னால், நட்பின் பெயரால் அதை மூடி வைக்காதீர்கள். “இதை நான் ஒருவன் மட்டும் தாங்க முடியாது, வா, இருவரும் போய்ச் சொல்லுவோம்” என்று கூறி, பொறுப்புள்ள பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். அவனைத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம்.

நீங்களே ஆலோசனை நாடிச் செல்ல நேர்ந்தால், பேசுமுன் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நான் சொல்லுவதை எழுதி வைப்பீர்களா? அது எங்கே இருக்கும்? வேறு யார் படிப்பார்கள்? எந்தெந்த நிலையிலே என் பெற்றோருக்கோ கல்லூரிக்கோ சொல்லுவீர்கள்? பதினெட்டு வயது நிரம்பாதவராயின், சிகிச்சைக்கு வேண்டிய சிலவற்றைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியே வரும். எவ்வளவு தெரிவிப்பார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 14416 என்ற எண்ணிலே அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் இருந்து வருகிறது, தமிழிலே பேசலாம். பெயரைச் சொல்லத் தயக்கமானால், சொல்லாமலே பேசலாமா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டார் எல்லாரும் புழங்கும் கைப்பேசியாக இருந்தால், பேசிய எண் அதிலே பதிந்திருக்கும் என்பதையும் நினைவிலே வையுங்கள். நேரிலே சென்றபோது, கதவு திறந்தே கிடக்க, அடுத்து வந்தவர் வாயிலிலே நிற்க, அந்த நிலையிலே உங்களைப் பேசச் சொன்னால், கதவைச் சாத்தும்படி கேட்கலாம். சாத்த மறுத்தால், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லி எழுந்து, வேறோர் ஆலோசகரைத் தேடிக்கொள்ளலாம்.